தோல் வாலும் தையல் மெஷினும்

என் அய்யனின் சாக்குப் பையில் இருந்தவை இவ்வளவுதான்: ஒரு குத்தூசி, ஒரு கொக்கி ஊசி, தோல் வெட்டும் கத்தி, அதைத் தீட்ட ஒரு கல், மெழுகு உருண்டை, நூல்கண்டு, ஆணி டப்பா, செருப்பைக் கவிழ்த்து அடிக்க ஒரு இரும்புக் கால். திருப்பூரில் ஒரு சுவரோரம் இந்தப் பையை விரித்துத்தான் முப்பது வருஷம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த முப்பது வருஷத்தில் இந்த ஊருக்குள் வந்து இறங்கிய மெஷின்களை எண்ணி முடியாது. பின்னுகிற மெஷின், தைக்கிற மெஷின், சாயம் ஏற்றுகிற மெஷின். அய்யனின் பைக்குள் ஒன்றுகூட வரவில்லை.

போன வருஷம் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். நாலு பேரும் எங்கள் சனம். தனித்தனியாக ரோட்டோரத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்கள், சேர்ந்து ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

"அண்ணா, சோல் தைக்கற மெசினு ஒண்ணு வாங்கோணும். நீங்க பனியன் கம்பெனியில ஓவர்லாக் ஓட்டுனவரு. எது வாங்கறதுன்னு பாத்துச் சொல்லுங்க."

மேடையில் பேசிப் பழகிய வாய். சட்டென்று சொல்லிவிட்டேன்: "எதுக்கு வாங்கோணும்? இந்தத் தொழிலை விட்டுப்போட்டு வேற பாருங்க." செத்த மாட்டைத் தூக்காதே, இழிவென்று சுமத்தியதைச் செய்யாதே என்று அம்பேத்கர் 1927இல் மகாடில் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விட்டுப்போட்டு எங்க போறதுங்க தம்பி? நமக்குன்னு எப்பவும் காலியாக் கெடக்கறது சாக்கடை ஒண்ணுதானே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. வராத பதிலைத் தேடிப் போனதில் எழுதியது இது. ஒரு சின்னப் பட்டறைக்கு மெஷின் தேர்ந்தெடுப்பதென்பது எங்கள் விஷயத்தில் விலைப்பட்டியல் பார்க்கிற வேலையாக முடியவில்லை. வரலாற்றைத் தோண்டுகிற வேலையாகிவிட்டது.

*

கொங்கு நாட்டில் ஆறு குறைவு, கிணறு அதிகம். மோட்டார் வருவதற்கு முன்பு அந்தக் கிணறுகளிலிருந்து தண்ணீர் ஏறியது கவலையில். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும், சால் மேலே வரும். சாலின் அடியில் தைத்த தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல் வால் யார் தைத்தது? மாதாரி தைத்தது. அது நனையும், காயும், கல்லில் உரசும், கிழியும். கிழிந்த அன்றைக்கே தைத்தாக வேண்டும். ஒருநாள் தவறினால் வெள்ளாமை வாடும். கொங்கு வேளாண்மை என்று பெருமையாகப் பேசப்படுவதன் உயிர்நாடி எங்கள் தையலில் இருந்தது. எந்தப் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது?

செத்த மாட்டை எடுத்து, உரித்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, தோலாக்கியதும் நாங்கள்தான். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளில் எங்களைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு செய்தி உண்டு: கல்யாணத்துக்கு முன்னால் தாலியை ஆவாரஞ்செடியின் கிளையில் கட்டுகிற வழக்கம் எங்களிடம் இருந்தது. அவர்கள் அதை ஒரு விநோதமாகக் குறித்துவைத்தார்கள். எனக்கு அதில் தெரிவது தொழிலாளி தன் மூலப்பொருளுக்குச் செய்த மரியாதை. இழிவு என்பது தோலில் இல்லை, ஆவாரம்பட்டையிலும் இல்லை. எங்கே இருந்தது?

கூலியில் இருந்தது. சால் தைத்ததற்கும், வடம் வார் கொடுத்ததற்கும், பண்ணாடி வீட்டுக்கெல்லாம் செருப்புத் தைத்ததற்கும் காசு கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடுவதுதான். அளவு அவர்கள் கையில். இத்தனை தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லாததால் கேட்கவும் வழியில்லை. தைத்த செருப்பை எங்கள் காலில் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்கவும் முடியாது. கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன அப்பாருவை என் அய்யன் பார்த்திருக்கிறார். செருப்புத் தைக்கத் தெரிந்தவன் வெறுங்காலோடு நடந்தான் என்பது கதைக்காகச் சொல்வதில்லை. எங்கள் சனத்தில் ஐம்பது வயது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் யார்? சீர்திருத்தவாதிகள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் முதலில் உடைத்தது சந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுத் தோல் கப்பலேறத் தொடங்கியது. வியாபாரிகள் பச்சைத்தோலை வாங்கி நகரத்துத் தோல் மண்டிகளுக்கு அனுப்ப, மாட்டுச் சொந்தக்காரனுக்கு அதில் காசு தெரிந்தது. அதுவரை எங்கள் பாத்தியதையாக இருந்த தோல் எங்கள் கையை விட்டு நழுவியது. அடுத்து வந்தது ஆயில் எஞ்சின். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. கிணற்றுமேட்டில் கரண்டு மோட்டார் உட்கார்ந்தது. ஒரே நாளில் இல்லை, ஊருக்கு ஊர் முன்னே பின்னே. ஆனால் 1970கள் முடிவதற்குள் கவலை பெரும்பாலும் போய்விட்டது. தோல் வாலும் போய்விட்டது.

"எங்க ஊர்க் கெணத்துல மோட்டாரு மாட்டுன அன்னிக்கு அப்பாரு என்னங்க சொன்னாரு?" என்று அய்யனிடம் ஒருதரம் கேட்டேன்.

"இனி ராத்திரியில வந்து கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னாரு. அப்பறம், இனி கூப்பிடவே மாட்டாங்கன்னு சொன்னாரு."

இந்த இரண்டு வாக்கியத்தில் எங்கள் பொருளாதார வரலாறு முழுக்க இருக்கிறது. மெஷின் எங்களை விடுவித்தது. அதே மெஷின் சோற்றையும் பிடுங்கியது. விடுதலை ஆனவனுக்குக் காணி நிலமும் கொடுக்கவில்லை, மோட்டாரில் பங்கும் கொடுக்கவில்லை. அவன் குத்தூசியை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தான்.

*

திருப்பூரில் என்ன நடந்தது? மோட்டார் வைத்த கிணற்றின் வருமானத்தோடும், சொந்தக்காரர்களின் நம்பிக்கையோடும், உடல் உழைப்போடும் வந்த கவுண்டர் சாதி விவசாயிகள் பனியன் கம்பெனிகளில் தொழிலாளிகளாகச் சேர்ந்து, பிறகு முதலாளிகளானார்கள். அதை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதிய நூல் 2004இல் வந்தது. எங்கள் முதலீடு எங்கள் உழைப்புதான் என்று அந்த முதலாளிகள் சொல்வதை அவர் விரிவாகக் காட்டுகிறார். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்த்திருக்கிறேன். ஆனால் உழைப்பு மட்டும் போதுமென்றால் இந்த நகரத்தில் முதல் முதலாளி மாதாரிதானே ஆகியிருக்க வேண்டும்?

பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின்போது எனக்குப் பதினேழு வயது. அந்தப் போராட்டத்தில்தான் எல்லாச் சாதிப் பையன்களோடும் ஒரே வரிசையில் நின்றேன். அது பொய்யில்லை. பின்னால் ஓவர்லாக் ஓட்டினேன், பதினாலு வருஷம். என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவரும் நானும் ஒரே காலத்தில் ஜாப்வொர்க் ஆரம்பிக்க நினைத்தோம். பழைய மெஷின் விற்கிற ஒருவரிடம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனோம். அவருக்கு, "எடுத்துட்டுப் போங்க, ஓட்டிக் குடுங்க" என்றார். என்னிடம், "முழுப் பணமும் வெச்சுட்டு எடுங்க" என்றார். சாதிப் பேரை அவர் வாயால் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டார், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் இன்றைக்கு ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். நான் கட்டுரை எழுதுகிறேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிவது ஒரு அறிவு. அது யார் கைக்குக் கடனாகப் போகும் என்று தெரிவது இன்னொரு அறிவு.

*

சரி, மெஷினுக்கு வருவோம். நாலு பேரோடு கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் பழைய மெஷின் கடைகளில் அலைந்து, பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். நம் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட விஷயம் வருவதில்லை. தொழில்நுட்ப அறிவை எதிரி வீட்டுச் சமாச்சாரம் என்று நாமே ஒதுக்கிவைத்தால் நஷ்டம் நமக்கு.

சோல் தைக்கிற மெஷின் என்று கடைக்காரர் ஒரே பேரில் சொன்னாலும் வேலை வேறு வேறு. முதலாவது, நீண்ட குறுகலான கையுள்ள மெஷின். சிங்கர் 29கே என்பது இதில் பேர்போனது, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. ஷூவுக்குள் அந்தக் கை நுழையும். துணி அழுத்துகிற பாதத்தை எந்தத் திசைக்கும் திருப்பலாம், ஷூவைத் திருப்ப வேண்டியதில்லை. மேல்தோல், வார், ஜிப், பை எல்லாம் இதில் தைக்கலாம். கெட்டியான சோல் தைக்க முடியாது. பாபின் ரொம்பச் சின்னது, அடிக்கடி நூல் சுற்ற வேண்டும்.

இரண்டாவது, இதைப் பார்த்துச் செய்த சீனத்துக் கைமெஷின். வார்ப்பிரும்பு. சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். விலை சல்லிசு. சோலும் தைக்கும் என்று விற்கிறார்கள். மெல்லிசு ரப்பர் வரை தைக்கும், கடினமான சோலில் ஊசி முறியும். வாங்கியவுடன் அங்கங்கே அரம் போட்டுத் தேய்த்தால்தான் நூல் அறாமல் ஓடும்.

மூன்றாவது, பிளேக் தையல் மெஷின். ஒரு கொம்பு ஷூவுக்குள் போகும். உள்ளட்டை, மேல்தோல், அடிச்சோல் மூன்றையும் சேர்த்து ஒரே நூலில் சங்கிலித் தையல் போடும். வேகம் அதிகம். ஆனால் சங்கிலித் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக உருவிக்கொள்ளும்.

நாலாவது, விளிம்பு தைக்கிற பெரிய மெஷின். ஒரு குத்தூசி துளை போட, வளைந்த கொக்கி ஊசி நூலை இழுக்க, இரண்டு நூல் பூட்டிக்கொள்ளும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது நிற்கும். தோல் செருப்புக்கு இதுதான் உத்தமம். யோசித்துப் பாருங்கள், என் அய்யனின் பையில் கிடந்த அதே குத்தூசி, அதே கொக்கி ஊசி, அதே மெழுகு நூல். அவர் கை செய்ததைத்தான் அந்த இரும்பு செய்கிறது.

கடைசியாக, ஸ்போர்ட்ஸ் ஷூவின் கிண்ணம் போன்ற சோலைப் பக்கவாட்டில் தைக்கிற மெஷின். இது பெரிய ஆலைகளுக்கானது.

இதில் எது வேண்டும்? கடைக்கு என்ன வருகிறது என்று பத்து நாள் நோட்டில் எழுதச் சொன்னேன். வார் அறுந்த செருப்பு, பசை விட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஷூ, அறுந்த பைகள். தோல் சோல் எப்போதாவது ஒன்று. இப்போதைய ஷூக்களில் பெரும்பாலானவை பசையில் ஒட்டியவை. ஒட்டியது விட்டால் ஓரத்தில் கையால் நாலு புறமும் தைத்தால்தான் நிற்கும். ஆகவே ரிப்பேருக்கு முதல் மெஷின் போதும். நாலாவது மெஷின் வேண்டுமென்றால் ரிப்பேரை விட்டுச் செருப்பு செய்கிறவர்களாக மாற வேண்டும். அதற்குத் தோல், அச்சு, வாங்குகிற கடை, ஆறு மாசம் தாங்குகிற பணம் எல்லாம் வேண்டும்.

கடன் கொடுக்கிற ஒரு அலுவலகத்தில் விசாரித்தோம். கடன் உண்டு, ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள கடையில், அவர்கள் சொல்கிற சீனத்துக் கைமெஷினைத்தான் வாங்க வேண்டுமாம். நோட்டைக் காட்டினோம். "உங்களுக்கு இது போதும்" என்றார் அதிகாரி.

*

உங்களுக்கு இது போதும் என்று மெஷினைக் காட்டிக் கட்டிப்போடுவது புதிதில்லை. சோல் தைக்கிற மெஷினின் பிறப்பிலேயே அது இருக்கிறது.

அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர் 1858இல் அந்த மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். கார்டன் மெக்கே அதை வாங்கி மேம்படுத்தினார். உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு ஷூ தேவைப்பட்டது, மெஷின் பரவியது. மெக்கே மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டார். தைக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் அவருக்குக் காசு போக வேண்டும். 1899இல் பெரிய கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து யுனைட்டட் ஷூ மெஷினரி என்றாகின. எங்கள் மெஷினை எடுத்தால் அடுத்தவன் மெஷினைத் தொடக்கூடாது என்ற மாதிரி நிபந்தனைகள் போட்டார்கள். 1922இல் அங்கே உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனைகள் செல்லாதென்றது. 1953இல் ஒரு நீதிமன்றம், வாடகைக்கு மட்டுமில்லாமல் விலைக்கும் கொடு என்று உத்தரவிட்டது. களத்தில் அளக்கிற படி பண்ணாடி கையில் இருந்ததும், தைக்கிற ஜோடியை எண்ணுகிற கணக்கு மெஷின்காரன் கையில் இருந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

அதே மெக்கே மெஷினை லின் என்ற ஊரில் ஒரு ஷூ ஆலையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஜான் மாட்சிலிகர். 1852இல் சுரினாமில் பிறந்த கறுப்பர். டச்சுக்காரர்களின் அந்தக் காலனியில் அடிமைமுறை ஒழிந்தது 1863இல்தான். லின் நகரில் அவர் சேரப் போன தேவாலயங்கள் நிறத்தைப் பார்த்துக் கதவடைத்தன, கடைசியில் ஒன்று மட்டும் ஏற்றுக்கொண்டது. மேல்தோலை அச்சின்மேல் இழுத்து மடித்துப் பிடிக்கிற வேலையை மெஷினால் செய்யவே முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம். கைதேர்ந்தவர் நாளுக்கு ஐம்பது ஜோடி செய்வார். மாட்சிலிகர் பகலில் சோல் தைத்தார், இரவில் பழைய இரும்பையும் சுருட்டுப் பெட்டிப் பலகையையும் வைத்து மாதிரி செய்தார். 1883 மார்ச் 20இல் காப்புரிமை கிடைத்தது. அவர் மெஷின் நாளுக்கு எழுநூறு ஜோடி வரை செய்தது. பணம் போட்டவர்களிடம் உரிமையின் பெரும்பகுதி போய்விட்டது. 1889இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 36. அமெரிக்க அரசு 1991இல் அஞ்சல்தலை வெளியிட்டது, நூறு வருஷம் கழித்து.

இதை அந்த ரூமில் உட்கார்ந்து சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அப்ப ஷூ மெசினு கண்டுபுடிச்சதுலயும் நம்ம மாதிரி ஆளு ஒருத்தரு இருந்திருக்காருங்களா?" இருந்தார். அந்தக் கேள்விக்காகத்தான் வரலாறு படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

*

தொழிலை விடு என்று நான் சொன்னதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. பிள்ளைகள் இதற்கு வரக்கூடாது என்பதில் இன்றைக்கும் பிடிவாதம்தான். 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமானது, 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. அந்தக் கதவு பிள்ளைகளுக்கு. ஆனால் ஐம்பது வயதுக்காரருக்கு எந்தக் கதவு? அவர் கையில் இருக்கும் திறமையை இழிவென்று நானும் சொன்னால், பண்ணாடி சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? விடச் சொல்லவேண்டியது தொழிலோடு ஒட்டவைத்த அடிமைத்தனத்தை. அது தொழிலை விட்டாலும் தானாகப் போவதில்லை. எங்கள் திருப்பூர் மாவட்டத்திலேயே மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் தலித்துகள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடியாத வீதி ஒன்று இருந்தது. 2023 டிசம்பரில்தான் சுமார் அறுபது பேர் சேர்ந்து அதில் செருப்போடு நடந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் செருப்புத் தைப்பவர்கள்? தைக்காதவன் காலையும்தான் அந்த வீதி வெறுங்காலாக்கி வைத்திருந்தது.

கடைசியில் முடிவு செய்தது இப்படி. அலுவலகக் கடன் வேண்டாம். நாலு பேரும் போட்ட பணத்தோடு சங்கத்துத் தோழர்கள் கைமாற்றாகக் கொடுத்ததையும் சேர்த்து, காலால் மிதித்து ஓட்டுகிற பழைய நீளக்கை மெஷின் ஒன்றை முழுப் பணம் கொடுத்து வாங்கினோம். சோலைக் கையாலேயே தைப்பது. கைமாற்று அடைந்த பிறகு விளிம்பு மெஷினைப் பற்றிப் பேசுவது. பத்திரத்தில் நாலு ஆண்களின் பேர் மட்டும் எழுதப் போனார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி, "நூலு முறுக்குனது, வாரு வெட்டுனது, பொழுதோட உக்காந்து தெச்சது நாங்க இல்லீங்களா?" என்றார். அஞ்சாவது பேராக அவர் பேர் ஏறியது. நான் மேலே எழுதிய வரலாற்றிலும் பெண்கள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மிதிமெஷின் வாங்கச் சொன்னது நானில்லை. விலை, நூல், ஊசி, உதிரிபாகம் என்று நான் போட்ட பட்டியலில் இல்லாத ஒன்றை அந்த மூத்தவர் கேட்டார். சீனத்து மெஷினைக் காட்டிய கடைக்காரர், "இதைத் தரையில வெச்சே ஓட்டலாம், ரோட்டோரத்துக்கு வசதி" என்று சொன்னபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"தரையில வெச்சு ஓட்டறதுக்கு எனக்கு எதுக்குங்க தம்பி மெசினு? நாப்பது வருசமா தரையிலதான் உக்காந்திருக்கறேன்."

இப்போது பட்டறையில் ஒரு மேஜை இருக்கிறது. அதற்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை மிதிக்கிறார். சுவரில் இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று எழுதிய பலகை. முன்பெல்லாம் வருகிறவர்கள் நின்றபடியே செருப்பைக் காலாலேயே அவர் முன்னால் தள்ளிவிடுவார்கள். இப்போது குனிந்து, கையால் எடுத்து, மேஜைமேல் வைக்க வேண்டியிருக்கிறது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் வைக்காமலே திரும்பிப் போனார். மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஜோடியை எடுத்துக்கொண்டார்.